சுவரில் ஏறும் முகம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். குசினிக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் முகம். பயற்றம் மாவு, கஸ்தூரி மஞ்சள், பாலாடை மூன்றையும் குழைத்த பூச்சு, நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்திலிருந்து கழுத்து வரை இறங்கியிருந்தது. கண்களும் உதடுகளும் மட்டும் வெளியே தெரிந்தன. என் மகள் கதிரையில் நிமிர்ந்து இருந்து, தேயிலைப் பேணியில் சாய்த்துவைத்த பௌதிகப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கம் புரட்டும்போதும் முகம் அசையவில்லை.

"கதையாதை," என்றாள் என் மனைவி, மகள் வாயைத் திறக்கும் முன்பே. "காய்ஞ்சு வருது. கதைச்சால் வெடிக்கும்."

அது 1976ஆம் ஆண்டு, குளிர்காலத்தின் ஒரு சனிக்கிழமை. மெல்பேர்ணில், கிளென் வேவர்லி ரயில் பாதை முடியும் இடத்திலிருந்து பத்து நிமிட நடையில் எங்கள் வீடு இருந்தது. யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் விட்டு வந்து நாலரை வருடமாகியிருந்தது. மனைவி ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். நான் கொழும்பில் பதினொரு வருடம் பத்திரிகையில் இருந்தவன். இங்கே நகரத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தேன். மகள் வேறொரு பாடசாலையில் கடைசி வகுப்பில் படித்தாள். அந்த வருடம் அங்கே மாணவத் தலைவி அவள்தான்.

அந்தச் செய்தியை அவள் எங்களுக்குச் சொன்ன விதம் நினைவிருக்கிறது. ஓர் இரவுச் சாப்பாட்டில் புட்டுக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டாள். வாங்கி இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு, "என்னைக் கப்டின் ஆக்கிப்போட்டாங்கள்," என்றாள். மாணவர்களும் ஆசிரியர்களும் வாக்களித்த தேர்தல் அது. போட்டியிடுவதையே அவள் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பாடசாலையின் மண்டபத்துக்குப் போகும் நடைக்கூடத்தில், இடப்பக்கச் சுவரில், தலைவர்களாக இருந்தவர்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. ஒரே அளவு, ஒரே கறுப்புச் சட்டம், ஒரே இருண்ட பின்திரை. பெற்றோர் கூட்டத்துக்குப் போன நாளில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறேன். எல்லாம் வெள்ளை முகங்கள். அடுத்த படம் எங்கள் மகளுடையது. அதை எடுக்கத்தான் அன்று காலை பத்து மணிக்கு ஸ்ரூடியோவில் நேரம் குறித்திருந்தார்கள்.

இதில் என் மனைவிக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. முந்தைய வருடம் பாடசாலைக்கு வந்த படப்பிடிப்பாளர் ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு நிமிடம் வீதம் தனிப்படம் எடுத்தார். எங்கள் மகளின் படம் வந்தபோது அதில் வெள்ளைக் கொலர் துல்லியமாக இருந்தது. கொலரின் தையல்கூடத் தெரிந்தது. அதற்கு மேலே இரண்டு கண்கள், ஒரு வரிசைப் பல். மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. மனைவி அந்தப் படத்தைப் பார்த்தாள். உறையில் திரும்பப் போட்டாள். ஊருக்கு அனுப்பவில்லை. ஒருவருக்கும் காட்டவில்லை.

அதே முகம் இம்முறை சுவரில் ஏறப்போகிறது. அதை இனி வருகிற பிள்ளைகள் எல்லாம் கடந்து போவார்கள். அதனால் மூன்று வாரங்களாக வீட்டில் வேலை நடந்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை முகப்பூச்சு. இரவில் எலுமிச்சம் புளியும் தேனும். வெயிலே இல்லாத ஜூன் மாதத்தில், வலைப்பந்து விளையாடப் போனால் வெயிலில் நில்லாதே என்ற கட்டளை. மகள் எல்லாவற்றுக்கும் உடன்பட்டாள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேறு எதிலும் அவள் அவ்வளவு இலகுவில் உடன்படுகிறவள் அல்ல.

தேநீரை எடுத்துக்கொண்டு மகளுக்கு எதிரே இருந்தேன். அவளால் பேச முடியாது என்பதால் சொல்லவேண்டியதைச் சொல்ல அது நல்ல நேரம்.

"போன வருசம் பிழை விட்டது உன்ர முகம் இல்லை, பிள்ளை. கமரா."

மகள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

கொழும்பில் எங்கள் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் செய்வதை அவளுக்கு விளக்கினேன். கமராவின் கண் எவ்வளவு அகலம் திறக்கவேண்டும் என்பதை ஒளிமானி சொல்லும். அதை வெள்ளைச் சட்டைக்கு நேரே பிடித்தால் சட்டைக்குப் போதுமான அளவைச் சொல்லும், முகம் இருண்டுவிடும். முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் முகத்துக்கு வேண்டிய அளவைச் சொல்லும். காலையிலிருந்து வெள்ளைப் பிள்ளைகளைப் படம் எடுத்தவர், அந்த அளவை மாற்றாமலே எங்கள் பிள்ளையையும் எடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

மகள் பென்சிலை எடுத்துப் புத்தக ஓரத்தில் எழுதினாள்: எவ்வளவு வித்தியாசம்?

"ஒரு ஸ்டொப், எண்டால் இரண்டு மடங்கு வெளிச்சம். சில வேளை ஒண்டரை."

அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

"இது தெரிஞ்ச மனிசன் போன வருசம் ஏன் வாயைத் திறக்கேல்லை?" என்றாள் மனைவி, அடுப்புப் பக்கத்திலிருந்து.

"ஆர் என்னைக் கேட்டது?"

"கேட்டால்தான் சொல்லுவியளோ. பேப்பர்க்காரர் கேளாமலே ஊர்க்கதை எல்லாம் எழுதுவினம்."

"நான் இண்டைக்கு ஸ்ரூடியோக்காரரோட கதைக்கிறன்."

மகள் உடனே எழுதினாள். இம்முறை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். நான் அங்கே எதுவும் பேசக்கூடாது என்பது அதன் சாரம். கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

ஏழரைக்கு மூன்று தெரு தள்ளி இருக்கும் அன்ரி வந்தார். அந்தப் பகுதியில் எங்களைத் தவிர இருந்த ஒரே தமிழ்க் குடும்பம் அவர்களுடையது, கணவர் மருத்துவர். அன்ரி கையில் முடி உலர்த்தும் இயந்திரம், புருவப் பென்சில், ஒரு பவுடர் பேணி ஆகியவற்றைக் கொண்டுவந்தார். அதற்குள் மகள் முகம் கழுவி, தலை முழுகி, துவாயோடு நின்றாள்.

"முகம் நல்லா வெளிச்சிருக்கு," என்றார் அன்ரி, அவளின் நாடியைப் பிடித்து முகத்தை யன்னல் பக்கம் திருப்பி. "என்ன, அண்ணை?"

"நேற்று இருந்த முகம்தான்," என்றேன்.

"அண்ணைக்கு என்ன தெரியும். மூண்டு கிழமையா அவ படுற பாடு. பிள்ளை, நேற்று வடிவா நித்திரை கொண்டனியே?"

"ஓம் அன்ரி."

"பொய். கண்ணுக்குக் கீழ பார். இரவிரவாப் படிச்சிருக்கிறாய்."

முடியை உலர்த்த நாற்பது நிமிடம் பிடித்தது. இடுப்பைத் தாண்டும் முடி. ஒருவர் உலர்த்த, மற்றவர் சிக்கெடுத்தார். மனைவி ஒற்றைப் பின்னலைத் தொடங்கினாள். மூன்று தரம் அவிழ்த்து மூன்று தரம் பின்னினாள், ஒவ்வொரு முறையும் வகிடு ஒரு நூல் விலகியிருந்தது என்று. என்னைக் கூப்பிட்டு, "இஞ்சாருங்கோ, நேரா இருக்கோ?" என்று கேட்டாள். நேராக இருந்தது. மெய்ப்புப் பார்க்கிறவன் சொன்னதை அவள் நம்பவில்லை. வகிட்டின் மேல் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, இது ஜியோமெட்ரி இல்லை," என்றாள் மகள்.

"பேசாம இரு."

பாடசாலை அனுப்பிய கடிதம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. குளிர்காலச் சீருடை, கோட்டுடன். தலைமுடி பின்னால் கட்டியிருக்கவேண்டும். தோடு சிறியதாக இருக்கவேண்டும். முகத்தில் மேக்கப் கூடாது. மனைவி இந்தக் கடைசி வரியின் கீழே நின்றுகொண்டுதான் பவுடர் பேணியைத் திறந்தாள்.

"அம்மா, மேக்கப் கூடாது எண்டு போட்டிருக்கு."

"பவுடர் மேக்கப்பே? அது முகம் கழுவினால் போடுறது."

அன்ரியும் தலையாட்டினார். இதில் அவர்கள் இருவரும் பொய் பேசவில்லை. எங்கள் ஊரில் முகம் கழுவித் துடைத்துப் பவுடர் போடுவது ஒரே வேலையின் மூன்று பகுதிகள். ஸ்ரூடியோவுக்குப் போனால் அங்கேயும் ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் பேணி வைத்திருப்பார்கள். ஆண்களும் பூசிக்கொண்டுதான் கமராவுக்கு முன்னால் இருப்பார்கள். பவுடர் இல்லாமல் படத்துக்கு இருந்தவரை நான் கண்டதில்லை. என் கலியாணப் படத்தில் என் காது வரைக்கும் பவுடர்.

மகள் என்னைப் பார்த்தாள். பேசக்கூடாது என்று எனக்கு எழுத்தில் உத்தரவு கிடைத்திருந்தது. அவள் கண்ணை மூடி முகத்தைக் கொடுத்தாள். மனைவி பூசினாள். முதலில் ஒரு தடவை. யன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு இன்னொரு தடவை.

ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். பின்னல் நசியாமல் இருக்க மகள் முன் இருக்கையில் சாயாமல் இருந்தாள். மனைவி பின்னால் இருந்து, ஸ்திரி போட்ட கோட்டைக் கொழுவியோடு மடியில் நீட்டிப் பிடித்திருந்தாள். ஒரு சமிக்ஞை விளக்கில் நின்றபோது மகள் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி முகத்தைப் பார்த்தாள். பிறகு அதை என் பக்கமே திருப்பிவைத்தாள்.

ஸ்ரூடியோ ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே, முதலாம் மாடியில் இருந்தது. படப்பிடிப்பாளருக்கு அறுபது வயதிருக்கும். மண்ணிறக் கம்பளிச் சட்டை, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. மகளுக்கு முதலில் கைகொடுத்தார், வாழ்த்துச் சொன்னார். அந்தப் பாடசாலைச் சுவரில் இருக்கும் எல்லோரையும் தான்தான் எடுத்ததாகச் சொன்னார். அதில் அவருக்குப் பெருமை இருந்தது.

அறையை நான் பார்த்தேன். தரையில் வெள்ளை நாடாவால் ஒட்டிய குறுக்குக் கோடு, படத்துக்கு இருப்பவரின் முக்காலி நிற்கும் இடம். இரண்டு விளக்குகள், அவற்றின் கால்களுக்கும் தரையில் நாடா. சுவரில், கமராவுக்குப் பக்கத்தில், ஓர் அட்டை. அதில் பேனாவால் எழுதிய ஓர் எண்ணும் ஒரு பின்னமும். கமராவின் கண் எவ்வளவு திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறக்கவேண்டும் என்பது. அட்டையின் மூலைகள் பழுத்திருந்தன. அவர் அளப்பதே இல்லை. அளக்கவேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை.

மகளும் அந்த அட்டையைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அவள் முக்காலியில் இருந்தாள். விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் தெரிந்த முகம் வீட்டு யன்னலில் தெரிந்ததல்ல. நெற்றியிலும் கன்ன மேட்டிலும் பவுடர் சாம்பலாக எழுந்து நின்றது. தாடைக்குக் கீழே கழுத்து அதன் சொந்த நிறத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லைக் கோடு. படப்பிடிப்பாளர் கமராவுக்குள் பார்த்தார், வெளியே பார்த்தார், திரும்பவும் உள்ளே பார்த்தார். முகத்தில் ஏதாவது போட்டிருக்கிறாளா என்று மெதுவாகக் கேட்டார்.

என் மனைவியின் கை கோட்டுக் கொழுவியை இறுக்கியது. மூன்று வாரம். நான் வாயைத் திறக்கப் போனேன். மகள் என்னைப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்தினாள்.

பிறகு ஆங்கிலத்தில், வகுப்பில் விடை சொல்வதுபோல் பேசினாள். போட்டிருப்பது பவுடர். போன வருடம் எடுத்த படத்தில் தன் முகம் தெரியவில்லை. அதனால் அம்மா போட்டுவிட்டார். ஆனால் அந்த அட்டையில் இருக்கும் அளவு தனக்குச் சரிவராது என்று நினைக்கிறாள். ஒளிமானி இருந்தால் கொலருக்கு நேரே பிடிக்காமல் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க முடியுமா? ஒரு ஸ்டொப், அல்லது ஒன்றரை, கூடத் தேவைப்படலாம்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். யார் சொன்னது என்று கேட்டார். தன் அப்பா பத்திரிகையில் இருந்தவர் என்றாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு, அவள் சொல்வது சரி என்றார். அதற்கு மேல் விளக்கமோ மன்னிப்போ சொல்லவில்லை. ஒரு மேசை லாச்சியை இழுத்து, அடியிலிருந்து ஒளிமானியை எடுத்து, அதன் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். ஆனால் பவுடர் இருக்கும்வரை அளப்பதில் பயனில்லை என்றும் சொன்னார்.

மகள் இப்போதுதான் தாயைப் பார்த்தாள்.

"அம்மா, துடைக்கட்டே?"

என் மனைவி மகளின் முகத்தை, அந்த எல்லைக் கோட்டை, விளக்குகளை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கோட்டை என் கையில் தந்தாள். கைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்தாள். மூலையில் இருந்த கைகழுவும் தொட்டியில் அதை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள். மகள் கையை நீட்டினாள். மனைவி கொடுக்கவில்லை.

"நிமிந்து இரு. காதுக்குப் பின்னாலையும் கிடக்கு."

தானே துடைத்தாள். நெற்றி, கன்னம், மூக்கின் இரு ஓரம், தாடை, காது. லேஞ்சியை இரண்டு முறை அலசிவிட்டு வந்து துடைத்தாள். போட்டதைவிட எடுக்க அதிக நேரமானது. படப்பிடிப்பாளர் அவசரப்படுத்தவில்லை, அதற்குள் மூன்றாவது விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து முக்காலிக்குப் பின்னால் நிறுத்தினார். கறுத்த முடி இருண்ட திரைக்குள் போய்விடக்கூடாது, அதற்கு என்றார். அது நானும் யோசித்திராத விஷயம்.

ஒளிமானியைக் கன்னத்திலிருந்து நான்கு விரல் தூரத்தில் பிடித்தார். முள்ளைப் பார்த்து எண்ணைச் சொன்னார். ஒன்றரை ஸ்டொப்.

மகள் கோட்டைப் போட்டுக்கொண்டாள். மார்பில் பாடசாலைச் சின்னம். அதற்குக் கீழே தலைவி என்று தங்க நூலால் தைத்த பட்டி. தோள்கள் தானாகவே பின்னால் போயின. நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் மந்திரிகளையும் நீதிபதிகளையும் கமராவுக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். பலருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சிரி," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "ஆனா பல்லைக் காட்டாதை."

அம்மா என்ன சொல்கிறார் என்று படப்பிடிப்பாளர் கேட்டார். சிரிக்கட்டுமாம், ஆனால் ஒருவருக்கும் தெரியக்கூடாதாம் என்று மகள் மொழிபெயர்த்தாள். அவர் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். அந்தச் சத்தத்தில் மகளின் முகம் இளகிய கணத்தில் கமரா ஒலித்தது. வழக்கமாக நாலு படம் எடுப்பவர் அன்று எட்டு எடுத்தார்.

திரும்பி வரும்போது காருக்குள் மனைவி கேட்டாள். "அவ்வளவு நேரமும் தெரிஞ்சுகொண்டே பவுடர் பூச விட்டனி?"

"எனக்கும் நிச்சயமாத் தெரியாது, அம்மா. லைற் போட்ட பிறகுதான் தெரிஞ்சது."

"தெரிஞ்ச உடன சொன்னாய்."

"ஓம்."

"அது சரி," என்றாள் மனைவி. அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று நான் கவனித்தேன். இல்லை. அவள் வகுப்பில் நல்ல விடைக்குப் புள்ளி போடும்போது இப்படித்தான் சொல்வாளாக இருக்கும்.

படம் இரண்டரை வாரத்தில் வந்தது. நான் அதை மேசையில் வைத்து, மெய்ப்புப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே பார்த்தேன். வகிடு நேர். நெற்றியோரத்தில் கலைந்த சில மயிர்கள் பின்வெளிச்சத்தில் தனித்தனியாகத் தெரிந்தன. இடப்புருவத்துக்கு மேல், சின்ன வயதில் கொப்புளித்த அம்மாள் வருத்தம் விட்டுப்போன சிறிய வடு. கன்னத்தின் மேடு, அதன் கீழே இறங்கும் நிழல், மூக்கின் விளிம்பு. கொலர் வெள்ளையாக இருந்தது. ஆனால் முதலில் கண்ணை இழுத்தது கொலர் அல்ல. முகம் கறுப்பாக இருந்தது, முழுவதும் தெரிந்தது.

மனைவி கை துடைத்துவிட்டு வந்து எடுத்தாள். யன்னலுக்குக் கொண்டுபோனாள். தூரத்தில் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள்.

"கறுப்புத்தான்," என்றாள். பிறகு, "வடிவா இருக்கிறாள், என்ன?"

"ஓம்," என்றேன்.

அன்ரி பார்க்க வந்தபோது பவுடர் போடாமலே எடுத்தார்களா என்று இரண்டு முறை கேட்டார். "அப்ப எங்கட கலியாணப் படங்கள் எல்லாம் என்னெண்டு?" என்றார்.

செப்டெம்பரில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் பெற்றோரை அழைத்திருந்தார்கள். மனைவி தன் பாடசாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக அனுமதி கேட்டு வந்தாள். பச்சைக் காஞ்சிபுரம் உடுத்தியிருந்தாள். படம் மாட்டியாகிவிட்டது. மண்டபத்துக்குப் போன பிள்ளைகள் அதைக் கடந்து போனார்கள்; சிலர் நின்று பார்த்தார்கள், ஒருத்தி மகளின் தோளில் தட்டிவிட்டுப் போனாள். அதிபர் எங்களுக்குக் கைகொடுத்தார். மனைவி படத்துக்கு முன்னால் நின்றாள். நான் இரண்டு அடி பின்னால் நின்றேன்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே சிறிய பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. மற்ற எல்லாத் தகடுகளிலும் பெயர் ஒரு வரி. ஒரு வரிக்குள் அடங்காத எங்கள் மகளின் பெயரை இரண்டு வரியில் பொறித்திருந்தார்கள்.